பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுதல்: விக்கிப்பீடியாவுக்காகச் சிலந்திகளை ஆவணப்படுத்திய அனுபவம்

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு சிலந்தியைப் பற்றிக் கட்டுரை எழுதுவதென்றால், எழுதும் வேலை கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் படம் வேண்டும். படத்தில் இருப்பது எந்தச் சிலந்தி என்று தெரிய வேண்டும். எழுதப்போகும் செய்தி ஏற்கெனவே அச்சில் வந்திருக்க வேண்டும். படத்தின் உரிமமும் சரியாக இருக்க வேண்டும். தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் இடைப்பட்ட தோப்புகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் சிலந்திகளைப் படம்பிடித்து கட்டற்ற உரிமமுள்ள படங்களின் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிவரும் சிறு குழுவில் நானும் ஒருவன். எங்களில் எவரும் விலங்கியல் படித்தவரல்லர். அப்படிப்பட்டவர்கள் இந்த வேலையை எப்படிச் செய்து முடிக்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன்.

பறவை பார்ப்பவர்களுக்கு இருக்கும் வசதி சிலந்தி பார்ப்பவர்களுக்குக் கிடையாது. ஒரு மீன்கொத்தியை நிறத்தையும் அலகையும் வைத்துச் சொல்லிவிடலாம். உலகில் பெயரிடப்பட்ட சிலந்திச் சிற்றினங்களோ 2022 ஏப்ரலில் 50,000-ஐத் தாண்டிவிட்டன. இந்தியாவுக்கு மட்டும் 2012-இல் வெளியான பட்டியலில் 1,686 சிற்றினங்கள் இருந்தன. அதன் பிறகும் ஆண்டுதோறும் புதியவை சேர்ந்துகொண்டே இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்ல அறிஞர்கள் நம்புவது நிறத்தையோ முதுகுக் கோலத்தையோ அன்று, முதிர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பைத்தான். பெண்ணுக்கு அது வயிற்றின் அடியில் ஒரு சிறு தகடாக இருக்கிறது. ஆணுக்கு வாயை ஒட்டிய இரு சிறு கைகளின் நுனி, குத்துச்சண்டைக்காரரின் கையுறையைப் போலப் பருத்திருக்கிறது. அதற்குள் இருக்கும் முள்ளும் வளைவும்தான் சிற்றினத்தின் அடையாளம். இதை நுண்ணோக்கியின் கீழ்தான் பார்க்க முடியும். முதிராத சிலந்தியிடம் அதுவும் இல்லை. ஆகவே செல்பேசியில் மேக்ரோ லென்ஸைப் பொருத்திக்கொண்டு கிளம்பும் ஒருவர் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டியது, தான் எடுக்கும் படங்களில் பாதிக்கு மேல் சிற்றினப் பெயர் இல்லாமலேயே நின்றுவிடும் என்பதை.

குடும்பத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை, கண்களைப் பார்த்தால் போதும். குதிக்கும் சிலந்திக்கு முன்னால் இரண்டு பெரிய கண்கள் விளக்குப் போல நிற்கும். ஓநாய்ச் சிலந்திக்குக் கீழ் வரிசையில் நான்கு சிறு கண்கள், அதன் மேல் இரண்டு பெரியவை, பின்னால் தலையின் மேல் இன்னும் இரண்டு. இரவில் தலைவிளக்கைக் கண்மட்டத்தில் வைத்துக்கொண்டு வயல் வரப்பைப் பார்த்தால், ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள் பச்சை கலந்த வெள்ளொளியைத் திருப்பி அனுப்பும். பனித்துளி என்று நினைத்துக் கடந்துபோனவை எத்தனையோ இருக்கும். எனவே எங்கள் குழுவில் ஒரு சிலந்திக்கு நேர்முகம், முதுகு, வயிற்றடி, வலை அல்லது இருப்பிடம் என்று நான்கு கோணங்களிலும் படம் எடுத்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அழகான முதுகுப் படம் ஒன்று மட்டும் கிடைத்தால் அதைப் பொதுவகத்தில் ஏற்றலாம். அடையாளம் காண அது பெரும்பாலும் உதவாது.

காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது, இந்தப் பக்கத்தில் வட்ட வலை பின்னும் சிலந்திகளில் பல முதிர்ந்து நிற்கின்றன. அதிகாலைப் பனி வலைகளில் படிந்து, வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நூல் முழுவதும் வெளியே தெரியும். கோடையில் அதே வேலியில் குஞ்சுகளும் பழைய நூலும்தான் மிஞ்சும். காப்புக்காடுகளுக்குள் அனுமதியில்லாமல் போவதில்லை, எந்தச் சிலந்தியையும் பிடித்துக் கொல்வதில்லை என்பவை தொடக்கத்திலேயே முடிவானவை. நுண்ணோக்கிப் பரிசோதனையை நாங்களே கைவிட்டுவிட்டோம் என்பதுதான் இதன் பொருள்.

ஆற்றங்கரை மருத மரங்களின் பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரட்டைவால் சிலந்தியை எடுத்துக்கொள்ளலாம். ஹெர்சிலியா என்ற பேரினத்தை, அதாவது நெருங்கிய சிற்றினங்களின் தொகுதியைச் சேர்ந்தது. உடல் தட்டையாகவும் பட்டையின் நிறத்திலேயே சாம்பலும் பழுப்புமாகவும் இருப்பதால், அது நகர்ந்தாலன்றி இருப்பது தெரியாது. வயிற்றின் நுனியில் வால் போல நீண்டிருப்பவை உண்மையில் நூல் சுரக்கும் காம்புகள். எட்டுக் கால்களில் மூன்றாவது இணை மட்டும் மிகக் குட்டையாக இருக்கும். இரை பிடிக்க இது வலை கட்டுவதில்லை. ஓர் எறும்போ சிறு பூச்சியோ அருகில் வந்ததும் தாவி, பின்புறத்தை இரையின் பக்கம் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச்சுற்றி ஓடுகிறது; காம்புகளிலிருந்து வரும் நூல் இரையைப் பட்டையோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. சில நொடிகளில் முடிந்துபோகும் இந்தக் காட்சியைக் காணொளியாக எடுக்க முடிந்தபோது, எங்கள் படங்களிலேயே பயனுள்ளது அதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இந்தியாவில் ஹெர்சிலியாவின் சிற்றினங்கள் ஒன்றுக்கு மேல் உள்ளன; அவற்றை இத்தகைய படத்தை வைத்து உறுதியாகப் பிரிக்க முடியாது. எனவே கோப்பின் பெயரிலும் விளக்கத்திலும் ஹெர்சிலியா என்று பேரினத்தோடு நிறுத்திக்கொண்டோம். காணொளி பேரினத்தின் கட்டுரையில் இடம்பெற்றது. வேட்டையாடும் முறை பேரினம் முழுவதற்கும் பொதுவானது என்பதால், அங்கே அது முறையாகவே பொருந்துகிறது.

இதற்கு நேர்மாறானவையும் உண்டு. கெஸ்டரகாந்தா ஜெமினாட்டா என்ற முள்சிலந்தி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படுவது. வெளிர்நிறப் பட்டைகளும் பக்கவாட்டில் நீட்டிய முட்களும் கொண்ட அதன் கெட்டியான வயிற்றை வேறொன்றாகக் கொள்ள வழியில்லை. மாந்தோப்பில் முசுறு எறும்புகளுக்கு நடுவே அவற்றைப் போலவே நடந்து திரியும் மிர்மபிளாட்டா பிளாட்டலியாய்டஸ் இன்னொன்று. முன்காலிரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டிக்கொண்டு வரும். கால்களை எண்ணிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஆணின் தாடைகள் உடலளவுக்கு முன்னால் நீண்டிருப்பதால், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிச் செல்வது போலிருக்கும். நாங்குநேரிப் பக்கத்து உடைமரங்களில் நூலும் சருகுமாகக் கட்டி, நூற்றுக்கணக்கில் கூடிவாழும் ஸ்டெகோடைபஸ் சரசினோரம் என்ற சமூகச் சிலந்தியையும் அதன் கூட்டு வாழ்வே காட்டிக்கொடுக்கிறது. 1892-இல் விலங்கியலாளர் கார்ஷ் விவரித்த இந்தச் சிலந்தி, இலங்கையில் உயிரினங்களைச் சேகரித்த, சரசின் என்ற குடும்பப் பெயர் கொண்ட உறவினர் இருவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அடையாளத்துக்கு நாங்கள் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தை நாடினோம். அங்கே படத்தை ஏற்றியதும் கணினி ஒரு பெயரைப் பரிந்துரைக்கும். பிறகு உறுப்பினர்கள் ஒப்புவர் அல்லது மறுப்பர். கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அந்தப் பதிவு ஆய்வுத் தரத்தை அடையும். இந்த ஏற்பாட்டின் மீது எனக்கு மதிப்பு உண்டு, அளவு கடந்த நம்பிக்கை இல்லை. கணினி சொன்ன பெயரைப் படம் எடுத்தவர் அப்படியே ஏற்க, அவர் நண்பர் ஒருவர் மரியாதைக்காக ஒப்புக்கொள்ள, இரண்டே பேரில் ஒரு சிலந்தி ஆய்வுத் தரம் பெற்றுவிடுவதைப் பார்க்கிறோம். பதிவில் கருத்துச் சொன்னவர் யார், முன்பு எந்தக் குடும்பத்தில் எத்தனை படங்களுக்கு அடையாளம் சொல்லியிருக்கிறார், எதை வைத்துச் சொன்னார் என்று பார்த்த பிறகே நாங்கள் பெயரை எடுத்துக்கொள்வோம். காரணத்தைக் கேட்டால் பெரும்பாலோர் பொறுமையாகவே சொல்கிறார்கள். ‘வயிற்றடிப் படம் இல்லாமல் இதற்கு மேல் போக முடியாது’ என்ற பதிலைத்தான் அதிகம் பெற்றிருக்கிறோம்; அது எங்களுக்கு மிகவும் பயன்பட்ட பதிலும்கூட.

பெயர் கிடைத்ததும் அடுத்து உலகச் சிலந்திப் பட்டியலுக்குப் போக வேண்டும். சிலந்தி ஆய்வாளர் நார்மன் பிளாட்னிக் தொடங்கி, 2014 முதல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்திவரும் இணையப் பட்டியல் இது. ஒரு பெயர் இன்று செல்லுமா, முதலில் யார் எந்த ஆண்டில் விவரித்தார், எந்த நாடுகளில் பதிவாகியிருக்கிறது என்பவை அங்கே இருக்கின்றன. பதிவு செய்துகொண்டால் மூல ஆய்வுக் கட்டுரைகளையே இறக்கிப் படிக்கலாம். முன்னர்ச் சொன்ன எறும்புச் சிலந்தி 1869-இல் விவரிக்கப்பட்டு, நெடுங்காலம் மிர்மராக்னே என்ற பேரினத்தில் இருந்து, 2016-இல்தான் மிர்மபிளாட்டாவுக்கு மாறியது. பழைய நூல்களை மட்டும் பார்த்து எழுதினால் கட்டுரையின் தலைப்பே தவறிவிடும். பழைய பெயரிலிருந்து புதிய தலைப்புக்கு ஒரு வழிமாற்று வைத்துவிட்டால் இரு பெயரில் தேடுபவரும் வந்து சேர்வர்.

விக்கிப்பீடியாவின் விதிகளில் புதிதாக வருபவர்களுக்கு மனத்தாங்கலைத் தருவது, சொந்த ஆய்வு கூடாது என்பது. ஒரு சிலந்தி திருநெல்வேலி மாவட்டத்தில் இருப்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம், படமும் இருக்கிறது; ஆனால் வெளியான ஆய்வு எதிலும் இல்லையென்றால், ‘திருநெல்வேலியில் காணப்படுகிறது’ என்று கட்டுரையின் பரவல் பகுதியில் எழுத முடியாது. படத்தின் கீழே ‘சேரன்மகாதேவி அருகே எடுக்கப்பட்டது’ என்று குறிக்கலாம், அவ்வளவுதான். குழுவில் மூத்தவரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இதைக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலும் பிறகு தமிழ் விக்கிப்பீடியாவின் பொதுக் கலந்துரையாடல் பக்கமான ஆலமரத்தடியிலும் வாதாடிப் பார்த்தார். “நான் பார்த்ததை நானே எழுதக் கூடாதா?” என்ற அவர் கேள்வி நியாயமானதே. எனினும் எங்களைப் போன்ற பத்துப் பேர் தாம் பார்த்ததாக நினைப்பதையெல்லாம் எழுதத் தொடங்கினால் அந்தப் பரவல் வரைபடத்தை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால், நான் விதியின் பக்கமே நின்றேன்.

அதே விதி இன்னொரு பக்கமும் வெட்டும். தோப்பில் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, “என்ன தம்பி, எட்டுக்கால் பூச்சியவா இவ்வளவு நேரமாப் படம் பிடிக்கிய? அது மூத்திரம் பட்டா உடம்பெல்லாம் கொப்புளம் போடும், பாத்துக்கிடுங்க” என்றார். இது பல ஊர்களிலும் சொல்லப்படுவது. ஆனால் அப்படிச் சிலந்தியின் மேல் சுமத்தப்படும் கொப்புளங்களில் பல, பெடரஸ் என்னும் சிறு வண்டைத் தோலின் மீது வைத்து நசுக்கும்போது அதன் நச்சுநீர் பட்டு வருபவை என்பது மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. மேற்கோள் இல்லாத ஊர்ப்பேச்சு கட்டுரைகளில் இருந்த இடங்களில் அதை நீக்கிவிட்டு, மேற்கோளுடன் இதை எழுதியிருக்கிறோம்.

உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐநேச்சுரலிஸ்டில் புதியவர் ஏற்றும் படங்களுக்கு இயல்பாகவே வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்தான் அமைகிறது. அதைப் பொதுவகம் ஏற்காது. கணக்கின் அமைப்புகளில் உரிமத்தை மாற்றிக்கொண்டால் போதும். பிறருடைய படம் தேவைப்பட்டால் நேரடியாகக் கேட்பதே வழி. கேட்டவர்களில் பலர் மகிழ்ச்சியோடு மாற்றித் தந்தார்கள்.

இருப்பிடத்தைச் சொல்லக் கூடாத சிலந்திகளும் இருக்கின்றன. பொயசிலோதீரியா என்னும் பெரிய மரச் சிலந்திகள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரியவை. அவற்றுள் ஒன்று 2004-இல் இராமேசுவரத்திலிருந்து விவரிக்கப்பட்டு, அங்குள்ள அனுமன் கோயிலின் பெயரைப் பெற்றது. பிற்பாடு இலங்கையின் மன்னாரிலும் பதிவானது. மிக அருகிய இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டிருக்கும் இதைப் போன்றவற்றை வெளிநாடுகளில் வளர்ப்புக்காக வாங்குகிறார்கள். அதனால்தான் 2019-இல் இந்தப் பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஐநேச்சுரலிஸ்ட் இத்தகையவற்றின் இடத்தைத் தானாகவே மங்கலாக்கிவிடுகிறது. பொதுவகம் அப்படிச் செய்வதில்லை. செல்பேசிப் படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடக்குறிப்பு கோப்போடு சேர்ந்தே போய்விடும். இந்தப் பேரினத்தின் படத்தை எவரேனும் அனுப்பினால் இடக்குறிப்பை நீக்கிய பிறகே ஏற்றுகிறோம், விளக்கத்தில் மாவட்டத்துக்குக் கீழே எதையும் எழுதுவதில்லை.

பேரினத்தோடு நிறுத்துவதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், பொதுவகத்தில் ஒரு தவறான பெயர் அங்கேயே தங்கிவிடுவதில்லை. அந்தப் படம், எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுத்தளமான விக்கித்தரவில் அந்தச் சிற்றினத்துக்குரிய படமாக ஏறுகிறது. அங்கிருந்து பிறமொழிக் கட்டுரைகளின் தகவற்பெட்டிகளுக்குப் போகிறது. பள்ளி மாணவர் செய்யும் செயல்திட்டத்திலும் நாளிதழின் பெட்டிச் செய்தியிலும் போய் உட்காருகிறது. பிறகு மூலத்தில் திருத்தினாலும் படிகளைத் திருத்த ஆளில்லை. ஆகவே பெயர் உறுதிப்படாதவற்றை ‘அடையாளம் காணப்படாத சிலந்திகள்’ என்ற பகுப்பில் இட்டுவைக்கிறோம். அந்தப் பகுப்பைப் பார்வையிடும் வல்லுநர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எங்கள் படங்களில் சிலவற்றுக்கு நீண்ட காலம் கழித்துக்கூடப் பெயர் வந்திருக்கிறது, சிலவற்றில் நாங்கள் குறித்த பேரினத்தையே மாற்றியிருக்கிறார்கள்.

இந்தப் பணியில் சேர விரும்புபவர் சிற்றினக் கட்டுரையிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். தமிழில் குடும்பங்களுக்கும் பேரினங்களுக்குமான கட்டுரைகளே இன்னும் குறுங்கட்டுரைகளாகத்தான் கிடக்கின்றன. வீட்டுச் சுவரில் திரியும் குதிக்கும் சிலந்தியும், கூரை மூலையில் நூலாம்படைக்குக் காரணமான நெட்டைக்கால் சிலந்தியும், குளியலறையில் நம்மைத் திடுக்கிட வைக்கும் பெரிய வேட்டைச் சிலந்தியும் எந்தெந்தக் குடும்பம் என்று தெரிந்துகொண்டு, அவற்றின் நான்கு கோணப் படங்களோடு அந்தக் குடும்பக் கட்டுரைகளை விரிவாக்கினால் ஒரு மார்கழிக்கு அதுவே போதுமான வேலை.