உக்ரேன் சண்டையும் ஒட்டுக்கடை வடையும்

2022 பிப்ரவரி 24இல் ரஷ்யா உக்ரேனுக்குள் நுழைந்த புதிதில், நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்தால் இதே பேச்சாகத்தான் இருந்தது. கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலரைத் தாண்டியும் அப்போது நமக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 2 வெள்ளி 5 காசாகத்தான் இருந்தது, மிச்சம் அரசாங்கத் தலையில். சூரியகாந்தி எண்ணெய் உக்ரேனிலிருந்து வராததால் செம்பனை எண்ணெய் டன் 7,000 வெள்ளியைத் தாண்டியிருந்தது.

"நமக்கு நல்ல காலம்டா!" என்றார் சிறுதோட்டக்கார மாமா. உர மூட்டை விலையை யாரோ சொன்னதும் கப்சிப். பொட்டாஷ் உரம் ரஷ்யா, பெலாரஸ் பக்கமிருந்துதானே நிறைய வருகிறது! செம்பனைக் குலை வெட்டவும் அப்போது ஆளில்லை, அது தனிக்கதை.

கடைக்கார அக்கா வாணலியைக் காட்டினார். "சுத்திச் செம்பனைக் காடு, நான் எண்ணெய அளந்து ஊத்துறேன். வடை சின்னதாத்தான் வரும், கேட்காதீங்க."