மூலிகைப் பெட்ரோலுக்கு ஒரு பதிவு

மன்னார்குடிப் பக்கம் ஆசிரியர்களும் வாசகர் வட்ட நண்பர்களுமாகச் சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சிறிய அறிவியல் களஞ்சியம் தொகுத்து வருகிறோம். வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால் எரிசக்திப் பகுதி என்னிடம் வந்தது. ராமர் பிள்ளைக்குத் தனிப் பதிவு வேண்டும் என்று பட்டியலில் சேர்த்ததுமே பிரச்சினை கிளம்பிவிட்டது. இதுபோன்ற வேலையில் இறங்கியிருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

மூலிகையைத் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பெட்ரோல் எடுக்க முடியும் என்று 1996இல் சொன்னவர் அவர். ராஜபாளையம் பக்கத்திலிருந்து கிளம்பிய அந்தச் செய்தி டெல்லி வரை போனது. ஐஐடி விஞ்ஞானிகள் சோதித்தபோது நிரூபிக்க முடியவில்லை. பிறகு மூலிகை எரிபொருள் என்று விற்கப்பட்டது டொலுவீன், நாப்தா போன்ற பெட்ரோலிய வேதிப்பொருட்களின் கலவைதான் என்று சிபிஐ வழக்குப் போட்டது. 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது.

குழுவில் பாதிப் பேர், “தண்டனை வாங்கியவருக்கு நாம எதுக்கு சார் விளம்பரம் கொடுக்கணும்?” என்றார்கள். மீதிப் பேர் நேர் எதிர்: ஒரு தமிழனின் கண்டுபிடிப்பை எண்ணெய் நிறுவனங்கள் அமுக்கிவிட்டன, அதை எழுதுங்கள் என்றார்கள். இந்த இரண்டாவது கட்சியில் ஒரு பெரியவர். வடுவூர்க்காரர், விவசாயி. அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. “மேட்டூர்த் தண்ணி வராத வருஷமெல்லாம் டீசல் ஊத்தி ஊத்தியே நொந்துபோனவங்க நாங்க. கதிராமங்கலத்துல குழாய் உடைஞ்சு வயல்ல எண்ணெய் ஓடுச்சு. ஹைட்ரோகார்பன் எடுக்க வேண்டாம்னு நெடுவாசல்ல சனம் தெருவுல உட்கார்ந்துச்சு. பச்சிலையில எண்ணெய் வந்தா நம்ம மண்ணு தப்பிக்கும்ல சார்?”

அந்த ஆசை நியாயமானது. ஒரு மனிதரின் பேச்சை நாடே ஏன் நம்பத் துடித்தது என்பதற்கு அதுவே பதில். பதிவு வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதும் அதனால்தான். களஞ்சியத்தில் இடம் கிடைப்பது பொன்னாடை போர்த்துவது ஆகாது. இவரைப் பற்றி இவரோடு சம்பந்தமில்லாதவர்கள் எழுதியிருக்கிறார்களா, அது ஒரு வாரப் பரபரப்போடு நின்றுவிட்டதா என்று கேட்டால் போதும். 1996 முதல் 2016 வரை இருபது வருடம் பத்திரிகையிலும் நீதிமன்றத்திலும் பேசப்பட்டவரை விட்டுவிட்டால், ஒரு பிள்ளை கேட்கும்போது வாட்ஸ்அப் கதைதான் பதிலாகப் போய்ச் சேரும்.

சரி, சான்றுக்கு என்ன செய்வது? ஆளுக்கு ஆள் ஞாபகத்திலிருந்து சொன்னதை ஏற்க மாட்டோம் என்று முடிவு செய்தோம். சென்னை கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் பார்த்தேன். செய்தி வெளியான தேதி, யார் சொன்னது, அது குற்றச்சாட்டா தீர்ப்பா என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சிலால் குறித்துக்கொண்டேன். இந்தக் குறிப்பு பிறகு என்னைக் காப்பாற்றியது. உயிரோடு இருக்கும் மனிதரைப் பற்றி எழுதும்போது சிபிஐ சொன்னதையும் நீதிமன்றம் சொன்னதையும் ஒரே வாக்கியத்தில் குழப்பிவிடக் கூடாது. தண்டனை விதித்தது விசாரணை நீதிமன்றம் என்பதைக் குறிப்பிட வேண்டும். மேல்முறையீட்டில் வருவது எதுவானாலும் அதே பத்தியில் சேர்க்க வேண்டும் என்பதைக் குழுவின் விதியாகவே எழுதிவிட்டோம்.

அடுத்த இழுபறி, வேதியியலை எங்கே வைப்பது என்பதில். கடைசியில் ஒரு வரி போட்டால் போதும் என்றார்கள். நான் மறுத்தேன். பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறுகள். பாத்திரத்தில் போட்ட இலையில் எவ்வளவு கார்பன் இருக்கிறதோ அதற்கு மேல் ஒரு துளிகூட வெளியே வராது. தண்ணீரோ ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். அதிலிருந்து எரிசக்தி எடுக்க வழியில்லை. இது தெரிந்த பிள்ளை நாளைக்கு வேறொருவர் வந்து நின்றாலும் சரியான கேள்வியைக் கேட்கும். அந்தப் பத்தி இப்போது இரண்டாவதாக நிற்கிறது.

பெரியவர் முழுவதையும் படித்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டார்: “அப்ப நிசமாவே செடியில எண்ணெய் எடுக்கிறதையும் போடுங்க சார்.” நல்ல யோசனை. அடுத்த பக்கத்திலேயே புங்க எண்ணெயோடு மெத்தனாலும், காஸ்டிக் சோடா போன்ற காரம் கொஞ்சமும் சேர்த்து டீசல் எஞ்சினுக்கு எரிபொருள் செய்வது பற்றியும், சாண எரிவாயு பற்றியும் பதிவுகள் வருகின்றன.

இப்போது கையில் இருப்பது அமெரிக்காவின் ஸ்டான்லி மேயர். தண்ணீரில் கார் ஓடும் என்றவர். அவர் செய்தது மோசடி என்று 1996இல் ஒஹாயோ நீதிமன்றம் தீர்ப்பளித்து, முதலீட்டாளர்கள் இருவருக்கும் 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. 1998இல் அவர் திடீரென்று இறந்தார். மூளை ரத்தக்குழாய் வீக்கம்தான் காரணம் என்று அங்கே பிரேதப் பரிசோதனையில் முடிவானது. விஷம் வைத்துவிட்டார்கள் என்ற கதைக்கு எத்தனை வரி ஒதுக்குவது என்பதில்தான் குழுவில் இன்னும் பேச்சு முடியவில்லை.