கொங்காணி போட்ட சிறுமி: ஒரு கலப்பு ஊடகச் சிற்பம், இதுவரை

ஆண் தூக்கணாங்குருவி ஒரே மூச்சில் கூட்டைக் கட்டி முடிப்பதில்லை. மேற்பாதியைப் பின்னி, அடியில் குறுக்காக ஒரு பட்டையை விட்டு நிறுத்திக்கொள்ளும். பெண் குருவி வந்து பார்த்துச் சம்மதித்தால்தான் முட்டையறையும் கீழே தொங்கும் நீண்ட குழலும் உருவாகும். சம்மதம் கிடைக்காத பாதிக் கூடுகள் பனையிலேயே தொங்கிக் கிடக்கும். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணிதான் எனக்குத் தோன்றும்.

இந்தச் சிற்பத்தின் கரு அவ்வளவுதான். பாதிக் கூட்டைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு நுங்கு வண்டி உருட்டும் ஏழெட்டு வயதுச் சிறுமி. உயரம் இரண்டரை அடி. கம்பி, காகிதக்கூழ், பனையோலை, பன்னாடை, கரம்பை மண் எல்லாம் சேர்ந்தது.

கம்பியை வளைப்பதற்கு முன்பே ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டேன். எதை அசலாக வைப்பது, எதைக் கையால் செய்வது? கிளை, சிப்பி, விதை என்று பொறுக்கி வந்து ஒட்டிவிட்டு ‘இயற்கை’ என்று பெயர் வைக்கும் சிற்பங்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பொறுக்கிய பொருளின் அழகு பொறுக்கியவருக்குச் சொந்தமாகிவிடாது. அதனால் ஓலையும் மண்ணும்போல் வேலை செய்யக் கொடுக்கும் பொருளை மட்டும் அசலாக எடுத்துக்கொள்வது, முடிந்த உருவமாகக் கிடைப்பதைக் கூடியவரை தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். காற்றில் விழுந்த பழைய கூடுகள் கிடைக்கத்தான் செய்யும். அவற்றை எடுக்கவில்லை.

எலும்புக்கூடு சீக்கிரம் முடிந்தது. கால்களுக்கு எட்டு எம்.எம். கம்பி, அதை அடித்தகட்டோடு பிடிக்க வெல்டிங், மேலே கோழி வலை, இறுக்கக் கட்டுக்கம்பி. முன்னால் சாய்ந்து ஓடும் உடல் என்பதால் பாரம் முன்காலில் விழுகிறது. அதற்காகப் பின்குதிகாலில் ஒரு சிறு தாங்கு கம்பி மறைந்திருக்கிறது.

காகிதக்கூழுக்கு வீட்டு வழக்கத்தையே பின்பற்றினேன். எங்கள் பக்கத்தில் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டி, கவிழ்த்த குடத்தின்மேல் அப்பிக் கூடை செய்வார்கள். வெந்தயத்தின் வழவழப்பு கூழை ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், கசப்பு பூச்சியை அண்டவிடாது என்பார்கள். செய்தித்தாள் நன்றாகக் கரைகிறது, வழவழப்பான வாரஇதழ்த் தாள் கரைவதில்லை. மெல்லிய அடுக்காகப் பூசி, ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. தடிமனாக அப்பினால் வெளியே காய்ந்து உள்ளே புளித்த வாடை வரும். முகத்தில் கண் இருக்கும் இடத்தைப் பெருவிரலால் லேசாகக் குழித்ததோடு விட்டேன். விழி, இமை என்று இறங்கினால் கொலு பொம்மையாகிவிடும். கொலு பொம்மைமீது எனக்குக் கோபமில்லை, ஆனால் இவள் படியில் உட்காருகிறவள் அல்ல.

பெரும்பாலான நேரத்தை விழுங்கியது கூடுதான். குருவி, பச்சை இலையின் ஓரத்தை அலகால் கிள்ளி, கிள்ளிய நுனியைப் பிடித்துக்கொண்டு பறக்கும். நார் தானாகக் கிழிந்து வரும். நானும் நகத்தால் கிள்ளி ஒரே இழுப்பாக இழுத்துப் பார்த்தேன். கத்தியால் கீறிய நாரைவிட இது நன்றாக வளைகிறது, ஏனென்றால் ஓலையின் நரம்போடு ஒட்டியே கிழிகிறது. கத்தி நரம்பை வெட்டிவிடும், அங்கே ஒடியும். குருத்தோலை மிருதுவாக இருந்தாலும் காய்ந்தபின் மிகவும் வெளுத்துப்போகிறது. குருத்துக்கு அடுத்த சாரோலையின் பச்சை சில நாட்களில் வைக்கோல் நிறத்துக்கு மாறுகிறது. கூட்டுக்குச் சாரோலைதான் சரி.

மணப்பாட்டு ஓலைப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. அந்த ஊர்ப் பின்னலின் ஒழுங்கு கண்ணுக்கு விருந்து. ஆனால் அந்த ஒழுங்கு இங்கே ஆகாது. கூட்டில் நேர்வரிசை எதுவும் கிடையாது. ஒவ்வொரு நாரும் நுழைந்து, மடங்கி, ஏற்கெனவே இருக்கும் சிக்கலில் செருகிக்கொள்கிறது. சிக்கல்தான் பலம். கை ஒழுங்கையே தேடியது. பல இடங்களில் பிரித்துவிட்டு மறுபடியும் தாறுமாறாகச் செருக வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் சிற்பி மிருணாளினி முகர்ஜியை (1949–2015) நினைக்காமல் இருக்க முடியவில்லை. டேராடூனிலும் சாந்திநிகேதனிலும் மரம் செடிகளுக்கு நடுவே கழிந்த பிள்ளைப்பிராயம் அவருடையது. சணல் கயிற்றை முடிச்சுப் போட்டுப் போட்டே பெரும் உருவங்களை எழுப்பினார். முன்கூட்டி வரைந்துகொள்வதோ மாதிரி செய்துகொள்வதோ அவர் வழக்கமில்லை. படங்களில் அந்தச் சிற்பங்களைப் பார்த்தபோது எனக்குப் பிடித்தது, கயிறு தன் பாரத்தால் தொய்யும் இடங்களை அவர் தொய்யவே விட்டிருப்பது. கொங்காணியின் பின்புறம் நார்கள் தளர்ந்து தோளில் இறங்கத் தொடங்கியதும் கட்டுக்கம்பியை எடுத்தேன். பிறகு அவரை நினைத்துக் கீழே வைத்தேன். இப்போது அந்தத் தொய்வில்தான் ஈரச் சாக்கின் கனம் தெரிகிறது.

ஆண் குருவி பாதிக் கூட்டின் உட்சுவரில் ஈரமண்ணை அப்பி வைக்கும். அந்த மண்ணில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றிக்கொள்ளும் என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. மண் உண்மை, விளக்கு கதை. குளத்துக் கரம்பையைச் சலித்து, புளியங்கொட்டைப் பசை விட்டுப் பிசைந்து, சிறுமியின் காதோரம் உட்பக்கமாக அப்பினேன். பார்த்துக்கொண்டிருந்த தம்பி மகன், “அத்தை, உள்ளே சின்ன எல்இடி வைத்தால் மின்மினி மாதிரியே இருக்குமே” என்றான். யோசனை மோசமில்லை. ஆனால் விளக்கு எரிந்தால் பார்ப்பவர் கண் அதற்கே போகும், முகம் காணாமல் போய்விடும். பதிலாக மண் ஈரமாக இருக்கும்போதே ஒரு சிவப்பு மஞ்சாடி விதையைப் பாதி புதைய அழுத்தினேன். குனிந்து பார்ப்பவருக்கு மட்டும் அது தெரியும்.

பாவாடைக்குப் பன்னாடை. பனை தானே நெய்து தரும் துணி அது, ஊடும் பாவும் உண்டு. தண்ணீரில் ஊறவைத்துத் தூசியைத் தட்டி, இடுப்பில் கொசுவி, காயும்வரை கிளிப் போட்டு வைத்தேன். ஓட்டத்தில் பறக்கும் விளிம்பு அப்படியே விறைத்து நிற்கிறது.

வண்டிச் சக்கரத்தில் என் விதி சோதனைக்கு வந்தது. நுங்கு தோண்டித் தின்ற காய் இரண்டை மாடியில் காயவைத்துப் பார்த்தேன். சுருங்கிக் கறுத்து, கண்கள் கோணி, ஒன்று வெடித்தும்விட்டது. சுருங்கிய காய் பார்வைக்கு நன்றாகவே இருந்தது, ஆனால் அது வேறொரு சிற்பத்துக்கு உரியது. உருண்டுகொண்டிருக்கும் வண்டியில் காய் புதிதாக இருக்க வேண்டும். அதனால் சக்கரங்களும் காகிதக்கூழ்தான். மேற்புறத்தில் மூன்று கண்குழிகள், தோலுக்குக் கருஞ்சிவப்பு, காம்புப் பக்கம் கொஞ்சம் பச்சை. உடலுக்குச் செம்மண் கரைசலும் அதே புளியங்கொட்டைப் பசையும். வார்னிஷ் போடப் போவதில்லை, பளபளப்பு மண்ணைக் கொன்றுவிடும்.

மிச்சமிருப்பது அச்சைத் தள்ளும் கவட்டைக் குச்சி. வேம்பில் கவை எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் விரிவு அதிகம். இரண்டு விரல் அகலத்துக்குள் பிரியும் கவையாக ஒரு கொடுக்காப்புளிக் கிளை தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் அதன் நீளத்தைப் பார்த்துத்தான் வலது கை விரல்களை மூட வேண்டும். அதுவரை அந்தக் கைக்குக் கூழ் பூசவில்லை, கம்பியாகவே விட்டிருக்கிறேன்.