திருவிதாங்கோடு அரப்பள்ளிக்குப் போகிறவர்களுக்கு

அரப்பள்ளி என்பது ஒரு பழைய கிறிஸ்தவ தேவாலயம்; பள்ளி என்றால் இங்கே தேவாலயம். நாகர்கோவில் - திருவனந்தபுரம் சாலையில் தக்கலையில் இறங்கி, இரணியல் பக்கமாகப் போகும் சாலையைப் பிடித்தால் திருவிதாங்கோடு. ரயிலில் வந்தால் இரணியல் ஸ்டேஷன் அருகில். ஆட்டோக்காரரிடம் "அரப்பள்ளி" என்று கேளுங்கள். தோமையார் கோவில் என்றாலும் தெரியும்.

கி.பி. 52இல் கொடுங்கல்லூரில் கரையிறங்கிய புனித தோமையார் ஏழரைப் பள்ளிகளை நிறுவினார் என்பது மலங்கரை நஸ்ராணிகளின், அதாவது கேரளத்துத் தோமையார் கிறிஸ்தவர்களின் மரபு. பாலையூர், நிரணம், கொல்லம் என ஏழும் இன்றைய கேரளத்தில் இருக்க, அந்த அரை மட்டும் இங்கே. 1956 நவம்பர் 1 அன்று எல்லை மாறியதில் ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது. பள்ளி மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் வசமே இருக்கிறது. 'அர' என்றால் பாதி என்பார்கள் சிலர். அரசன் பள்ளி என்பதே திரிந்தது என்பார்கள் வேறு சிலர். தென்கேரளப் பகுதியை ஆண்ட வேணாட்டு அரசர்களின் தலைநகரமாக இருந்த ஊர் என்பதால் இரண்டாவதையும் தள்ள முடியவில்லை. நிற்கும் கட்டடத்தின் வயதையும் மரபின் வயதையும் ஒன்றாக்கிப் பேச வேண்டாம். வழிபாடு நடக்கும் இடம் அப்படியே இருக்க, கட்டடங்கள் திருத்தப்படுவதும் நீட்டப்படுவதும் வழக்கந்தான்.

சுவரை நின்று பாருங்கள். கருங்கல்லை உளியால் கொத்தி அடுக்கிய வேலை. கருங்கல் அவ்வளவாக நீர் உறிஞ்சாது, இணைப்புகள்தான் உறிஞ்சும். பழைய கல்கட்டுகளில் இணைப்புக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் ஏற்றது. உள்ளே போன ஈரம் அதன் வழியாக வெளியேறிவிடும். ஒழுகுகிறதே என்று சிமெண்ட் வைத்துப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூக்கும், ஓரக் கல் உதிரும். சுவரிலும் சிலுவையிலும் எண்ணெய் தடவுவதும், மெழுகுதிரியைக் கல்லோடு ஒட்டி ஏற்றுவதும் பக்தியால் செய்கிற சேதம். அந்தப் பிசுக்கில் கரி படிந்தால் பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும், உளித்தடமும் கூடவே போய்விடும். விளக்கு வைக்க ஒதுக்கிய இடத்திலேயே ஏற்றுங்கள்.

ஞாயிறு காலை குர்பானாவுக்குப் (திருப்பலி வழிபாட்டுக்குப்) போவதுதான் சரி. கட்டடமாக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாகும். செருப்பை வெளியே விட வேண்டும், பெண்கள் தலையில் முக்காடு போட வேண்டும். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம். வழிபாடு கிழக்கு நோக்கி, பெரும்பாலும் நின்றபடியே. முட்டுவலி உள்ளவர்கள் பின்னால் உட்கார்ந்தால் யாரும் குறை சொல்வதில்லை. மத்பஹாவின் (பலிபீடம் உள்ள பகுதியின்) திரை மூடியிருக்கும்போது முன்னால் நடக்கவோ படம் எடுக்கவோ கூடாது. 'குறியேலாயிசோன்' (ஆண்டவரே, இரங்கும்) என்று சபை சேர்ந்து சொல்லும்போது நீங்களும் சொல்லலாம். திருவிருந்து மட்டும், பாவசங்கீர்த்தனம் செய்து உபவாசத்தோடு வரும் அந்தச் சபையாருக்குத்தான். முடிவில் கைமுத்துக்கு, அதாவது குருவானவரின் ஆசி பெற, எல்லோரும் போகலாம்.

மாதாவின் பெயரில் உள்ள பள்ளி என்பதால் ஆகஸ்ட் 1 முதல் 15 வரையிலான நோன்பு நாட்கள் போவதற்கு நல்லவை. தோமையாரின் திருநாட்கள் ஜூலை 3, டிசம்பர் 21.

மகா சிவராத்திரி சமயத்தில் போகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். இதே ஊர் மகாதேவர் கோவில் சிவராத்திரிக்குப் பக்தர்கள் ஓடியே சென்று கும்பிடும் சிவாலய ஓட்டத்தின் 12 சிவன் கோவில்களில் ஒன்று. "கோவிந்தா, கோபாலா" என்று காவி வேட்டியோடு ஓடுகிறவர்களால் சாலை நிறைந்திருக்கும். அன்று வண்டியைத் தக்கலையிலேயே விட்டுவிட்டு நடந்து வருவது நல்லது.