பழைய ஸ்கூட்டர் பேட்டரியைக் கரைசேர்த்த கதை

பெருந்துறையிலிருந்து ஈரோடு போய்த் திரும்ப ஒரே சார்ஜ் போதும் என்றிருந்த என் மின் ஸ்கூட்டர், போன கோடையில் வரும் வழியில் திண்டல் தாண்டுவதற்குள்ளேயே திணற ஆரம்பித்தது. ஷோரூமில் புது பேட்டரிக்கு விலை சொன்னார்கள். பழையது எங்கே போகும் என்றால், "அதெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க" என்பதோடு பேச்சு முடிந்தது. பழைய இரும்புக் கடைக்காரரோ, ஈய பேட்டரி வாங்கிப் பழகியவர், நேராகத் தராசைக் காட்டினார்.

2022-இல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதைக்கவோ எரிக்கவோ கூடாது. விதி தெளிவாகத்தான் இருக்கிறது. நம் வீட்டு வாசலில் ஆரம்பிக்கும் வழிதான் கண்ணுக்குத் தெரிவதில்லை. விசாரித்து விசாரித்து, கோவை கணபதியில் பேட்டரி பேக் புதுப்பிக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். இப்படிப்பட்டவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதை முதலில் கேட்டுவிடுங்கள்.

மூடியைக் கழற்றியதும் உள்ளே நூறு உருளை செல்கள்: ஐந்தைந்தாகப் பக்கவாட்டில் இணைத்து, அப்படி இருபது வரிசை, மேலே நிக்கல் பட்டை. எல்லாம் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்கிற லித்தியம் பேட்டரி வகை. பட்டறைத் தம்பி மல்டிமீட்டரை ஒவ்வொரு வரிசையாக வைத்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "செத்தது இந்த ஒரு வரிசைதானுங்ண்ணா. இது எறங்குனதும் பிஎம்எஸ் மொத்தத்தையும் நிறுத்தீருது." பிஎம்எஸ் என்பது செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பலகை. ஒரு காளை படுத்தால் வண்டியே நிற்கிற மாதிரிதான். வேறு சில செல்களும் லேசாக உப்பியிருந்தன.

அப்புறம் செல்களைப் பிரித்து, தனித்தனியாக முழுக்க ஏற்றி இறக்கி, எவ்வளவு தாங்குகின்றன என்று அளந்தார். பொறுமை வேண்டிய வேலை இதுதான். ஓட்டிய வரலாற்றை பிஎம்எஸ்ஸிலிருந்து படிக்க முடிந்திருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும். ஆனால் கம்பெனி அதைப் பூட்டி வைத்திருக்கிறது. எனக்கு இதில்தான் கோபம்.

அளவு ஒத்துப்போன செல்களை நான்கு வரிசையாகக் கட்டி, புது பிஎம்எஸ் போட்டு, 12.8 வோல்ட் பேக் ஆக்கினார். இப்போது தோட்டத்துச் சாளையில் சோலார் விளக்கும் ஒரு ஃபேனும் அதில்தான் ஓடுகின்றன. வண்டி இழுக்கத் திராணி இல்லாத செல்லுக்கு இது சுலபமான வேலை.

மீதியை முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரின் ஆளிடம் கொடுத்தோம். பெரிதாகக் காசு வரவில்லை. இந்த வகையில் கோபால்ட்டும் நிக்கலும் கிடையாது, அதனால் அவர்களுக்கும் ஆர்வம் குறைவு. ரசீது மட்டும் பேக்கின் சீரியல் எண்ணோடு கேட்டு வாங்கிக்கொண்டேன்.