நாலாம் கட்டை

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலமான லெந்து ஆரம்பித்து இரண்டாவது வாரம். வாலிபர் கூட்டத்தில் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று எங்கள் சேகரத்து ஐயர், அதாவது சபைப் போதகர், சொல்லிவிட்டார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: அன்றாட வாழ்க்கையில் ஆண்டவரின் சத்தம். நான் பேசுகிறவன் இல்லை, பாடுகிறவன், அதுவும் கொயரில் பின்வரிசையில் நின்று பாஸ் என்கிற கீழ்க்குரல் பாடுகிறவன். ஆனால் ஐயர் கேட்டு மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லையே, சரி ஐயா என்று தலையாட்டிவிட்டு வந்து அன்று ராத்திரியே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வந்ததெல்லாம் பழைய சரக்கு. சார்ஜ் இறங்கின செல்போன், அதற்கு ஜெபம் என்கிற சார்ஜர். சிக்னலில் சிவப்பு விளக்கு எரிந்தால் காத்திரு என்று ஆண்டவர் சொல்கிறாராம். குக்கர் விசிலுக்குக்கூட ஒன்று எழுதி வைத்திருந்தேன், அதை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் இருந்து இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன் நான், ஒன்றுகூட என் வாழ்க்கையில் ஒரு காரியத்தையும் மாற்றியதில்லை. கையில் கிடைத்த பொருளையெல்லாம் பிடித்து இழுத்துவந்து பிரசங்கத்தில் நிறுத்தினால் அந்தப் பொருளுக்கே கூச்சமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

இயேசுவே அப்படித்தானே சொன்னார் என்று கேட்கலாம். புளித்த மா, கடுகு விதை, தொலைந்த வெள்ளிக்காசு. லூக்கா 15-ல் ஒரு பெண் விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கி அந்தக் காசைத் தேடுகிறாள். அவள் காசுக்காகத்தான் பெருக்கினாள், நமக்குப் பாடம் நடத்துவதற்காக இல்லை. அதனால்தான் அந்தக் கதை இன்றைக்கும் கெடாமல் இருக்கிறது. எங்கள் திருநெல்வேலியில் 1774-ல் பிறந்து தஞ்சாவூருக்குப் போன வேதநாயக சாஸ்திரியாரும் பெத்லகேம் குறவஞ்சியில் குறி சொல்கிற குறத்தியையும் பறவை பிடிக்கிற குறவனையும் வைத்துத்தான் சுவிசேஷம் சொன்னார். அந்த வேலையை நின்று பார்த்தவர்தான் அப்படிப் பாட முடியும். நான் குக்கரை நின்று பார்த்தவன் இல்லை. நோட்டை மூடிவிட்டேன்.

ஹார்மோனியம் விஷயம் அதற்கு அப்புறம் வந்தது.

அது அப்பா வாசித்த பெட்டி. கோவிலில் கீபோர்டு வந்ததும் இது வீட்டுக்கு வந்து பீரோ மேல் ஏறிவிட்டது. வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு இறங்கும், பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகும், அவ்வளவுதான். பகல் பன்னிரண்டில் இருந்து மூன்று வரைக்கும் சிலுவையின் ஏழு வார்த்தைகளுக்கு நடுநடுவே பாடுகிற கீர்த்தனைகளுக்குக் கீபோர்டு ஒத்துவராது என்பது ஊர்ப் பெரியவர்கள் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

இறக்கித் துடைத்து வாசித்துப் பார்த்தால் நாலாம் கட்டையில் ஏதோ குறை. சத்தம் வராமல் இல்லை, வருகிறது, சளி பிடித்தவன் பேசுகிற மாதிரி. எங்கள் பெட்டியில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே இரண்டு ரீடு ஒலிக்கும், ஒன்று தடித்த குரல், மற்றது அதற்கு மேல் ஸ்தாயி. நாலாம் கட்டையில் தடித்த குரல் ஊமையாகிக் கிடந்திருக்கிறது. கூட இருந்த ரீடு விடாமல் ஒலித்துக்கொண்டிருந்ததால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. எத்தனை மாதமாக இப்படி என்று யாரால் சொல்ல முடியும்? நானே அதை வைத்துக்கொண்டு நாலைந்து ஜெபக்கூட்டம் நடத்தியிருக்கிறேன்.

ஹார்மோனியம் பாவப்பட்ட வாத்தியம். பிரான்சில் பிறந்து, காலால் மிதிக்கிற பெட்டியாக மிஷனரிகளோடு இந்தியாவுக்கு வந்தது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போடுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். பஜனை, நாடகம், கதாகாலட்சேபம், கோவில் என்று எல்லா இடத்திலும் புகுந்துவிட்டது. அப்புறம் 1940-ல் அகில இந்திய வானொலி அதை உள்ளே விடமாட்டோம் என்று தடை போட்டது, 1971 வரைக்கும் அந்தத் தடை தளரவில்லை. காரணம், கட்டைகள் பிரிந்து பிரிந்து நிற்கின்றன, ஒரு சுரத்தில் இருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போக முடியாது, கமகம் பேசாது. குற்றச்சாட்டு நியாயமானதுதான். கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும், நாங்கள் பாடும்போது ராகம் பாதி வழியில் இறங்கிப் போய்விடும், அதில் இந்தப் பெட்டிக்கும் பங்கு உண்டு. 'வீடு கட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்' என்று இந்த இடத்தில் ஒரு பிரசங்கம் தானாக ஓடிவரும். வரட்டும், நான் அதைப் பிடிக்கப் போவதில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு சந்துக்குள் ரிப்பேர் கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு பெஞ்சு, ஒரு டேபிள் லாம்பு, சுவர் முழுக்க வயிறு கிழிந்த பெட்டிகள். அண்ணாச்சிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், நெற்றி நிறைய திருநீறு. எங்கள் பக்கத்துக் கோவில் பெட்டிகள் பாதி அவர் கைக்கு வந்து போனவைதான். மேல்பலகையைக் கழற்றி, பித்தளை ரீடுகள் வரிசையாகப் படுத்திருக்கிற பலகையை வெளியே எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். ஒவ்வொரு ரீடும் ஒரு நாக்கு. அடி பக்கம் ஆணியடித்து இறுக்கியிருக்கும், நுனி பக்கம் சும்மா இருக்கும், கீழே அதன் அளவுக்கே வெட்டின சந்து. காற்று அந்தச் சந்து வழியே போகும்போது நாக்கு மேலும் கீழும் ஆட வேண்டும். அந்த ஆட்டம்தான் சுரம்.

"ரீடு போயிட்டா அண்ணாச்சி? மாத்தணுமா?"

"ரீடுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. ஆட இடம் இல்ல தம்பி, அவ்வளவுதான்."

பிளேடு ஒன்றை நாக்குக்கு அடியில் சொருகி மெல்லத் தூக்கி, வாயால் ஒரு ஊது ஊதினார். நூல் பிசிறு மாதிரி ஏதோ பறந்து போனது. பார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. விரல் நகத்தால் நாக்கைச் சுண்டினார், டிங் என்றது.

அதோடு விட்டிருக்கலாம், ஆனால் இரண்டு ரீடையும் சேர்த்து ஒலிக்க விட்டபோது ஒரு அலை கேட்டது, வௌ வௌ வௌ என்று. சும்மா கிடந்ததில் சுருதி கொஞ்சம் இறங்கிவிட்டதாம். அண்ணாச்சி ஒரு சின்ன அரத்தை எடுத்தார். நாக்கின் நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். நுனியில் இரண்டே இரண்டு தடவை, தூசி துடைக்கிற மாதிரிதான் தேய்த்தார். ஒலிக்க விட்டுக் கேட்டார். அலை கொஞ்சம் நிதானமானது. அப்புறம் அரத்தைக் கீழே வைத்துவிட்டு டீ சொல்லிவிட்டார்.

"முடிஞ்சிட்டா?"

"சூடு ஆறட்டும். தேச்ச சூட்டுல அது உண்மையச் சொல்லாது. சுரண்டினா சுரண்டினதுதான் பாத்துக்கோ, திருப்பி ஒட்ட முடியாதுல்லா."

டீ குடிக்கிற நேரத்தில்தான் எனக்கு அப்பா இறந்த வருஷம் ஞாபகம் வந்தது.

அந்த ஒரு வருஷம் நான் பாடவே இல்லை. கோவிலுக்குப் போகாமல் இல்லை, ஒரு ஞாயிறுகூடத் தப்பவில்லை, கொயர் அங்கியைப் போட்டுக்கொண்டு என் இடத்தில் நிற்பேன், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைப்பேன். ஆண்டவர் மேல் கோபமா என்றால் கோபம்கூட இல்லை, தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிடும். பக்கத்தில் மூன்று பேர் பாஸ் பாடிக்கொண்டிருந்ததால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. விசுவாசம் போய்விட்டது என்றே நான் முடிவு கட்டியிருந்தேன், ரீடு போய்விட்டது, மாற்றவும் முடியாது என்று. ஜெபத்தில் முழங்கால் போட்டால் பெருமூச்சு வரும், அதற்கு மேல் ஒன்றும் வராது. ரோமர் 8-ல் ஆவியானவரே 'வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு' நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் எழுதியதை அந்த நாட்களில் எத்தனையோ பேர் எனக்குச் சொன்னார்கள், ஆறுதலாகச் சொன்னார்கள், எனக்குள் அது இறங்கவே இல்லை. துருத்தியை அசைத்துக்கொண்டே ஒரு கட்டையையும் தொடாமல் இருந்தால் பெட்டியில் இருந்து ஒரு மூச்சு வருமே, அது அண்ணாச்சி கடையில் கேட்டபோதுதான் இறங்கியது. ஆறு வருஷம் கழித்து, கையில் டீ கிளாஸோடு.

என்னைத் திரும்பப் பாட வைத்தது பிரசங்கம் இல்லை. எங்கள் கோவிலில் முன் பாயில் உட்கார்கிற ஒரு பாட்டி. அவர்களுக்கு எழுத்து தெரியாது, கீர்த்தனையின் சரணங்களும் தெரியாது. சரணம் ஓடும்போது ம்ம் ம்ம் என்று முனகிக்கொண்டு, முட்டாக்கைச் சரிசெய்துகொண்டு, பக்கத்துப் பிள்ளையின் காலைத் தட்டி ஒழுங்காக உட்காரச் சொல்லிக்கொண்டு இருப்பார்கள். பல்லவி திரும்ப வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்து கோவிலே கேட்கிற மாதிரி பிடிப்பார்கள், தாளத்துக்கு அரை மாத்திரை முன்னாலேயே. அப்பா இதற்காக ஹார்மோனியத்தில் இருந்தபடியே முகத்தைச் சுளித்ததை நான் பார்த்திருக்கிறேன். சரணம் தெரியாதவருக்கும் பல்லவியில் ஒரு இடம் இருக்கிறது. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் பாடிக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

136-ஆம் சங்கீதம் சின்ன வயதில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இருபத்தாறு வசனம், இருபத்தாறு தடவையும் 'அவர் கிருபை என்றுமுள்ளது'. ஐயர் முதல் பாதியை வாசிப்பார், சபை பதில் சொல்லும். செங்கடல் பிளந்தாலும் அதே பதில், எமோரியரின் ராஜா சீகோனை அழித்தாலும் அதே பதில். எண்ணிக்கொண்டே நிற்பேன், எப்போது முடியும் என்று. அப்பா இறந்து வந்த அடுத்த லெந்தில் ஒரு ஞாயிறு இதே சங்கீதம். பதினைந்து, பதினாறு வரைக்கும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். சபை எனக்காக நிற்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. இருபத்து மூன்றில், 'நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவரைத் துதியுங்கள்' என்று ஐயர் வாசித்ததும் அந்தப் பாட்டி வழக்கம்போல எல்லாருக்கும் முன்னால் ஆரம்பித்துவிட்டார்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு சேர்ந்து சத்தமும் வந்துவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை. மிச்சம் மூன்று வசனம்தான்.

டீ முடிந்ததும் அண்ணாச்சி மறுபடி ரீடை ஒலிக்க விட்டார். அலை இன்னும் கொஞ்சம் இருந்தது. இன்னொரு தடவை அரம், இன்னொரு தடவை காத்திருப்பு. கடைசியில் இரண்டு ரீடும் ஒன்றாகச் சேர்ந்து, எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி நேராக நின்றது. முந்நூறு ரூபாய் கேட்டார். துணி போட்டு நன்றாக மூடி வைக்கிறேன் என்று சொன்னேன். "மூடுறதுல ஒண்ணும் இல்ல, வாரத்துக்கு ஒரு தடவையாவது வாசிங்க, வாசிக்காத பெட்டியிலதான் தூசி ஒக்காரும்" என்றார்.

வாலிபர் கூட்டத்தில் இதைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை, அப்பா கதையை அந்தப் பிள்ளைகள் முன்னால் எடுக்கவும் மனசில்லை. மத்தேயு 26:30 மட்டும் வாசித்தேன், கடைசி இராப்போஜனம் முடிந்து இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடின பின்பு ஒலிவமலைக்குப் புறப்பட்டுப் போனார்கள் என்கிற வசனம். பஸ்கா பந்தியில் யூதர்கள் பாடுகிற சங்கீதங்கள் 113 முதல் 118 வரை. அந்த ராத்திரியும் அவைதான் என்றால், ஆகாதென்று தள்ளின கல் என்கிற வரி 118-ல் இருக்கிறது, தம்மைத் தள்ளப் போகிறவர்களிடம் போவதற்கு முன்னால் அவர் அதைத் தம் வாயால் பாடியிருக்கிறார். 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்பதும் அதே சங்கீதத்தில் இருக்கிறது. ஒரு பையன் கையைத் தூக்கி, இயேசு எந்த வாய்ஸ் அண்ணே, டெனரா பாஸா என்று கேட்டான். பாஸ் என்று சொல்லிவிட்டேன். பத்து நிமிடம் சொன்னார்கள், ஏழில் முடிந்துவிட்டது.

பெரிய வெள்ளிக்கிழமை அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பதினொன்றரைக்கே போய்விட்டேன். வெயில் தாங்கவில்லை, மின்விசிறி மூன்றில் இரண்டுதான் ஓடியது. நாலாவது வார்த்தைக்கு அப்புறம் வந்த கீர்த்தனையில் நாலாம் கட்டை அடிக்கடி வரும், தடித்த குரலும் மேல் குரலும் சேர்ந்து நின்றது எனக்கு நன்றாகக் கேட்டது, வேறு யாருக்காவது வித்தியாசம் தெரிந்ததா என்று தெரியாது. பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் நான் ஒரு நொடி நிறுத்தினேன். பாட்டி நிறுத்தவில்லை.