மேடு ஏறினால் ஏசி காற்று கண்ணாடிக்குப் போகிறதா?

அமெரிக்காவின் அரிசோனாவில் ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் போக ஐ-17 சாலையில் சுமார் 1,100 அடியிலிருந்து 7,000 அடிக்கு ஏற வேண்டும். போன ஜூனில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார், அவரை என் பழைய பிக்கப்பில் கூட்டிக்கொண்டு போனேன். சமதரையில் ஓடும்வரை குளிர்காற்று முகத்துக்கு நன்றாக வந்தது. மேடு வந்து ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் அந்தக் காற்று மெல்லக் குறைந்து முன்கண்ணாடிப் பக்கம் போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வரும். வெளியே 43 டிகிரி. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தார், எனக்கு மனசே கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் ஒரு கடையில் காட்டினேன். ஏசி குமிழ்கள் இருக்கும் கண்ட்ரோல் பேனலையே மாற்ற வேண்டும், 600 டாலர் ஆகும் என்றார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன்.

அந்தக் கால அமெரிக்க வண்டிகள் பலவற்றில் டாஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பும் கதவுகளை இழுப்பது என்ஜினின் உறிஞ்சும் விசைதான், அதாவது வேக்குவம். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து, அதாவது என்ஜினுக்குள் காற்று போகும் குழாயிலிருந்து, ஒரு மெல்லிய டியூப் உள்ளே வந்து, நாம் திருப்பும் குமிழ் வழியாக ஒவ்வொரு கதவுக்கும் உள்ள சின்ன டப்பாவுக்குப் போகும், டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கம்பியை இழுக்கும். வேக்குவம் போய்விட்டால் ஸ்பிரிங் கதவைக் கண்ணாடிப் பக்கம் தள்ளிவிடும். இதை வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள்: எது கெட்டாலும் கண்ணாடியில் படியும் பனியைத் துடைத்து ஓட்டுபவருக்குப் பாதை தெரிய வேண்டும்.

சரி, மேட்டில் மட்டும் ஏன்? வேக்குவத்தைப் பாதரச அங்குலத்தில் அளப்பார்கள். ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் வரை இருக்கும் வேக்குவம், ஆக்சிலரேட்டரை அழுத்தி த்ராட்டில் (என்ஜினுக்குக் காற்று விடும் கதவு) முழுக்கத் திறந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம். போதாததற்கு ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு அங்குலம் குறையும். அந்த நேரத்துக்காகவே ஒரு பிளாஸ்டிக் சேமிப்பு உருண்டையும், வேக்குவம் என்ஜின் பக்கம் திரும்ப ஓடிவிடாமல் தடுக்க ஒரு செக் வால்வும் உண்டு. இந்த இரண்டில் ஒன்று கசிந்தால் என் வண்டிக் கதைதான்.

முதல் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. என்ஜின் ஐடிலில் ஓடும்போது காற்றை முகத்துக்கு வைத்து, என்ஜினை மட்டும் நிறுத்திவிட்டு ஃபேன் ஓடும்படி சாவியை வையுங்கள். நல்ல வண்டியில் காற்று நெடுநேரம் முகத்திலேயே நிற்கும், என்னுடையதில் நாலே நொடியில் கண்ணாடிக்குப் போய்விட்டது. ஒரே ஒரு திசை மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அந்தக் கதவின் சவ்வைப் பாருங்கள். எல்லாத் திசையும் போனால் கோளாறு குமிழுக்கு முன்னாலேயே இருக்க வாய்ப்பு அதிகம். குமிழுக்குப் பின்னாலிருந்து 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டால் மட்டும் பேனலைச் சந்தேகப்படலாம்.

அப்புறம் கேஜ் வைத்த கைப்பம்பை உருண்டையில் மாட்டி 18 அங்குலம் வரை இழுத்தேன், முள் அங்கேயே நின்றது, உருண்டையில் கசிவு இல்லை. செக் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன். ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும், இரண்டு பக்கமும் போனது! பேட்டரி பக்கத்தில் வளைந்து போகும் ரப்பர் முனையும் வெடித்திருந்தது. இரண்டையும் மாற்ற 10 டாலர்கூட ஆகவில்லை. அடுத்த முறை அதே ஏற்றத்தில் காற்று முகத்தை விட்டு நகரவில்லை, அம்மா தூங்கிவிட்டார்.

டியூப் வாங்கும்போது வேக்குவம் ஹோஸ் என்றே கேட்டு வாங்குங்கள். சுவர் மெல்லிய ஹோஸ் போட்டால் என்ஜின் சூட்டில் இளகி, உறிஞ்சும்போது சப்பிக்கொள்ளும்.